மெதுவா வாசிக்கத் தெரிஞ்சவங்க யார்? சிம்பொனி, அனிருத், சித் ஸ்ரீராம், நம்ம தப்பு மேளம்

#1 கொட்டகலை_காற்று

இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டன் எவென்டிம் அப்போலோவில் அரங்கேறியது. வாசித்தது றோயல் பில்ஹார்மோனிக் கொன்சர்ட் ஓர்கெஸ்ட்ரா. அன்றிலிருந்து நம்ம ஆட்கள் குழுக்களில் ஒரே கேள்விதான்: ராஜாவா, ரகுமானா, அனிருத்தா, யார் பெரிய ஆள்? இந்தக் கேள்வியால் யாருக்கும் காது வளராது. நான் வேறு அளவுகோல் வைக்கிறேன். சத்தத்தைக் குறைத்தும் நம்மைப் பிடித்து வைக்க யாரால் முடிகிறது? உரக்க வாசிப்பது சுலபம். மெதுவாக வாசிக்கும்போது சுருதி, மூச்சு, வில்லின் நடுக்கம் எல்லாம் வெளியே தெரியும். ஒளிய இடமில்லை.

இந்த அளவுகோலில் என் கணக்கு:

யூஜா வாங், பியானோக் கலைஞர். உடையையும் வேகத்தையும் பற்றியே பேசுகிறார்கள். 2023 ஜனவரி 28இல் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் ராக்மனினோவின் நான்கு பியானோ கொன்சர்ட்டோவையும் (பியானோவும் ஓர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பகானினி ராப்சடியையும் ஒரே நிகழ்ச்சியில் வாசித்தவர். எனக்கு அந்த உழைப்பைவிட, இரண்டாவது கொன்சர்ட்டோவின் நடுப்பகுதியை அவர் தொடங்கும் விதம் பெரிது. சத்தம் குறைக்கும் மெல்லடைப்பு மாட்டிய வயலின் முதலான தந்திக் கருவிகளுக்குப் பின் பியானோ தனியே மும்மூன்று சுரமாக உருளும். பிறகு புல்லாங்குழலும், அடுத்து கிளாரினெட்டும் மேலே பாடும். பியானோ கொஞ்சம் தூக்கினாலும் குழல் மூழ்கிவிடும். அவர் தூக்குவதில்லை.

பில்லி ஐலிஷ், பாடகி. குரல் பெரிதில்லை, ஆனால் மைக்கை இசைக்கருவியாக்கத் தெரிந்தவர். 2019இல் வந்த முதல் முழு அல்பத்தின் பெரும்பகுதி அண்ணனின் படுக்கையறையில் பதிவானது. மூச்சுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருக்கும் வெறுமையை அவர்கள் நிரப்பவில்லை.

அனிருத். தாளத்தில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் வினாடியிலிருந்து கடைசி வரை ஒரே மட்டத்தில் நிற்கிறது.

சித் ஸ்ரீராம். மெதுவாகப் பாடத் தெரியும். சொல் பாதி உள்ளேயே தங்கிவிடுகிறது. "ழ"வும் "ற"வும் சரியாக விழுந்தால் அவர் பக்கத்தில் நிற்க இன்றைக்கு ஆள் குறைவு.

மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

#2 டிக்கோயா_ரசிகன்

காரணத்தோடே மறுக்கிறேன் அண்ணே. அனிருத் பாட்டை நம்ம சனம் எங்கே கேட்கிறது? ஹட்டன் - கொழும்பு பஸ்ஸில், ஆட்டோவில், கல்யாண வீட்டு பொக்ஸில். கினிகத்தேனை இறக்கத்தில் பஸ் இரண்டாம் கியரில் முனகும்போது உங்க ராக்மனினோவின் மெதுவான பகுதி காதில் விழுமா? விழவே விழாது. எங்கே ஒலிக்கும் என்று தெரிந்து அதற்கு ஏற்ற மட்டத்தில் பாட்டைக் கட்டுவது குறை இல்லை, அது தொழில். கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் உரக்கத்தான் வாசிக்கும். திறந்தவெளிக்கான இசை அது. அதை யாரும் குறை சொன்னதில்லையே?

இன்னொன்று. அனிருத்தின் அடித்தாளத்தில் அடிச்சத்தம் விழும் ஒவ்வொரு முறையும் பேஸ் என்ற கீழ்ச்சுரம் ஒரு நொடித் துளி விலகி வழிவிடும். அதைச் செய்வதற்கே காது வேண்டும். சின்ன ஒலிபெருக்கியிலும் அடி பிரிந்து கேட்பது அதனால்தான்.

#3 ஒலிப்பதிவு_ஹட்டன்

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கு. ஆனால் எதை வைத்துக் கேட்டு இந்த முடிவுக்கு வந்தோம் என்பதை முதலில் சரிபார்க்கணும்.

முதலாவது, லண்டன் சிம்பொனி பற்றி இங்கே பேசுகிற முக்கால்வாசிப் பேர் கேட்டது, யாரோ இருக்கையிலிருந்து கைத்தொலைபேசியில் எடுத்த துண்டு வீடியோ. போனின் மைக் மெதுவான இடத்தில் தானாகவே சத்தத்தைத் தூக்கும், உரத்த இடத்தில் தானாகவே அமுக்கும். ஓர்கெஸ்ட்ராவின் ஏற்ற இறக்கம் அங்கேயே செத்துவிடும். மெதுவான இடத்தில் இருமலும் கதிரைச் சத்தமும் முன்னுக்கு வரும். அந்த வீடியோவை வைத்து "தந்திப் பகுதி பலமில்லை" என்று எழுதுவது ராஜாவுக்கும் அநியாயம், வாசித்தவர்களுக்கும் அநியாயம்.

இரண்டாவது, உரத்த மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் பாட்டின் ஏற்ற இறக்கத்தை அமுக்கி எல்லாவற்றையும் உரக்க ஆக்குவது. ஸ்பொட்டிஃபை இயல்பு அமைப்பில் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு) என்ற மட்டத்துக்குக் கொண்டு வரும். மைனஸ் 8இல் மாஸ்டர் செய்த பாட்டு வந்தால் 6 டெசிபல் கீழே இறக்கிவிடும். அப்போ அமுக்கியதால் கிடைத்த லாபம் போச்சு, அமுக்கிய சேதம் மட்டும் மிச்சம். பஸ்ஸில் பென் டிரைவில் ஓடும்போதுதான் டிக்கோயா தம்பி சொல்ற லாபம் உண்டு. இயர்போனில் ஸ்ட்ரீமிங் கேட்பவருக்கு இல்லை.

மூன்றாவது, கேட்கும் வழி. ஸ்பொட்டிஃபையில் காசு கட்டாதவருக்கு அதிகபட்சம் நொடிக்கு 160 கிலோபிட், கட்டினால் திட்டத்தைப் பொறுத்து 320 அல்லது அதற்கு மேல். 160இல் நிமிடத்துக்கு 1.2 எம்பி, 45 நிமிட சிம்பொனிக்கு 54 எம்பி. 320இல் 108 எம்பி. தோட்டத்துப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் செயலி தானாகத் தரத்தைக் குறைத்துவிடும். தந்திப் பகுதி மேல் சுரங்களில் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரிக் கேட்டால் அதுதான் காரணம். டவுனில் வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போய்க் கேளுங்க. செட்டிங்ஸில் ஈக்குவலைசர், பேஸ் பூஸ்ட், "சத்தத்தைச் சமப்படுத்து" மூன்றையும் அணைத்துவிடுங்க. மெதுவான பகுதி கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டாதீங்க. முதலில் அந்தப் படைப்பின் மிக உரத்த இடத்தைப் போட்டு, காது தாங்கும் அளவுக்கு வைத்து, பிறகு தொடக்கத்துக்கு வாங்க. மெதுவான இடம் அப்போ தன் இடத்தில் இருக்கும்.

இதைச் செய்துவிட்டு அனிருத்தையும் யூஜா வாங்கையும் அடுத்தடுத்துக் கேட்டால் #1 சொல்ற வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிகிறது. நான் #1 பக்கம்.

#4 நானுஓயா

இப்போ வரும் தமிழ்ப் பாட்டில் கேட்கும் வயலின் கூட்டம் நிஜமா, கம்ப்யூட்டரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

#5 வயலின்_பதுளை

இரண்டும் உண்டு. பல பாட்டில் கலந்தும் இருக்கும். சாம்பிளை (முன்பே பதிந்து கம்ப்யூட்டரில் வாசிக்கும் சத்தத்தை) அடியில் விரித்து, மேலே நாலைந்து நிஜ வயலினை ஒட்டுவார்கள். மேலே இருக்கும் உயிர்ச்சத்தம் முழுக்கூட்டமும் நிஜம் என்று காதை நம்ப வைக்கும்.

கண்டுபிடிக்க மூன்று இடம் பாருங்க. ஒன்று, ஒரே சுரம் வேகமாகத் திரும்பத் திரும்ப வரும் இடம். நிஜ வில் கீழே இழுப்பதும் மேலே தள்ளுவதும் ஒரே மாதிரி இருக்காது, மாறி மாறிக் கனமும் லேசும் வரும். சாம்பிளில் தையல் மெஷின் மாதிரி ஒரே அச்சில் விழும். இரண்டு, நீண்ட சுரம். நிஜ ஆள் சுரத்தின் நடுவில் சத்தத்தை வளர்ப்பார், வைப்ரேட்டோவும் (சுரத்தின் மெல்லிய ஆட்டம்) கொஞ்சம் தாமதித்துத் தொடங்கி அகலும். சாம்பிளில் முதல் நொடியிலிருந்தே ஒரே ஆட்டம். மூன்று, வரி முடியும் இடம். நிஜத்தில் எல்லா வில்லும் ஒரே நொடியில் தூங்காது, இழை இழையாக அடங்கும். சாம்பிள் கத்தியால் வெட்டியது மாதிரி நிற்கும்.

ஆள் எண்ணிக்கை பற்றியும் சொல்லணும், நம்ம பக்கத்துப் பாடசாலைக் குழுக்களுக்கு இது முக்கியம். பெரிய சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவில் தந்திப் பகுதி வழக்கமாக 16 முதல் வயலின், 14 இரண்டாம் வயலின், 12 வியோலா, 10 செல்லோ, 8 டபுள் பேஸ், மொத்தம் 60 பேர். நமக்கு நாலு பேர் கிடைத்தாலே பெரிசு. அந்த நாலை இரண்டு இரண்டாகப் பிரிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஒரு வரியை இரண்டு பேர் வாசித்தால் ஒருவர் நொடிக்கு 440 அதிர்வு, மற்றவர் 442 என்று நின்றாலே நொடிக்கு இரண்டு தடவை சத்தம் ஏறி இறங்கும். கேட்பவர் "சுருதி இல்லை" என்பார். மூன்று பேரானால் அந்த அலைகள் ஒன்றோடொன்று கலைந்து கூட்டச் சத்தமாக மாறும். அதனால் ஒரு வரிக்கு ஒருவர், இல்லையென்றால் மூன்று பேர். இரண்டு வேண்டாம்.

#6 வயலின்_பதுளை

மேலே விட்டது. கீபோர்டில் "ஸ்ட்ரிங்ஸ்" சத்தம் வைத்து வாசிப்பவர்கள் கவனிங்க. விரலை எவ்வளவு அழுத்தினாலும் அது சுரத்தின் தொடக்கச் சத்தத்தைத்தான் தீர்மானிக்கும். அழுத்திய பிறகு சுரம் வளராது. வளர வைக்க காலால் அழுத்தும் எக்ஸ்பிரஷன் பெடல் வேணும். அது இல்லாமல் வாசித்தால் எந்தப் பெரிய இசையமைப்பாளரின் வரியும் ஹார்மோனியம் மாதிரித்தான் கேட்கும். சஸ்டெயின் பெடல் வேறு, இது வேறு, கடையில் கேட்டு வாங்கும்போது குழம்பிவிடாதீங்க.

#7 கொட்டகலை_காற்று

பதுளை அக்கா, ஒரு கேள்வி. கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதை, மேற்கத்தியத் தந்திக் கூட்டத்திடம் கொடுத்தால் ஏன் எப்போதும் வழுக்குகிறது? 1986இல் வந்த ராஜாவின் "ஹவ் டு நேம் இட்" அல்பத்தில் அந்தச் சிக்கல் இல்லையே.

#8 வயலின்_பதுளை

ஏனென்றால் அதில் கமகத்தைக் கூட்டத்திடம் கொடுக்கவில்லை. வி. எஸ். நரசிம்மன் தனி வயலினில் கர்நாடகம் பேசுகிறார். கூட்டம் அவருக்குக் கீழே நேர்ச்சுரங்களில் மேற்கத்திய முறைப்படி நகர்கிறது. இரண்டு மொழியும் அவரவர் வாயில். பதினாறு பேரை ஒரே கமகம் வாசிக்கச் சொன்னால், அசைவை ஒவ்வொருவரும் மயிரிழை முன்பின்னாகத் தொடங்குவார்கள். ஒருவருக்கு அசைவு மேலே இருக்கும்போது அடுத்தவருக்குக் கீழே. எல்லாம் சேர்ந்து சேறாகிவிடும். எழுதும் முறையிலும் அதற்குக் குறியில்லை, ஐந்து கோட்டில் கமகம் வெறும் அலங்காரமாக இறங்கிவிடும்.

சித் ஸ்ரீராம் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். ஓட்டோடியூன் என்ற மென்பொருளின் வேலை, குரலைப் பக்கத்தில் இருக்கும் சுரத்துக்கு இழுப்பது. இழுக்க எடுக்கும் நேரத்தைப் பூச்சியம் என்று வைத்தால் குரல் படிப்படியாகத் தாவும். 1998இல் பாடகி ஷெரின் பாட்டில் உலகம் முதன்முதலாகக் கேட்ட அந்த ரோபோச் சத்தம் அதுதான். அந்த நேரத்தைக் கூட்டினால் மறைவாக வேலை செய்யும். ஆனால் தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கும் சுரமே இல்லை, ஆடிக்கொண்டே இருப்பதுதான் அதன் உருவம். மென்பொருள் அதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடும். சித் கர்நாடகக் கச்சேரியும் பாடுகிறவர், 2024இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழா மேடையிலும் பாடியவர். மேடையில் அவர் குரல் ஆடும் இடங்களைக் கேட்டுவிட்டு, ஸ்டூடியோவில் துடைத்த மற்றவர்களின் குரலைக் கேளுங்க. சொல் விழுங்குகிறார் என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆட்டத்துக்காக நான் அதை மன்னிப்பேன்.

#9 டிக்கோயா_ரசிகன்

சொல்லை விழுங்கினால் பாட்டு பாதிதான் அக்கா. பிரதீப் குமாருக்கு இரண்டும் வருகிறதே.

#10 மஸ்கெலியா_தப்பு

இவ்வளவு நேரம் வயலின், பியானோ. மலையகத்தில் இருந்து எழுதுகிறோம், தப்பு எங்கே?

2021இல் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த "என்ஜாய் எஞ்சாமி" பாட்டை உலகமே கேட்டது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். நம்ம லயத்து வரலாறு அந்தப் பாட்டுக்குள் இருக்கு, ஒப்பாரியும் இருக்கு. நடப்புப் பாட்டுகளில் தோல் சத்தத்தை ஓரத்துக்குத் தள்ளாமல் நடுவில் வைத்தவர் யார் என்று கேட்டால் நான் சந்தோஷ் நாராயணன் பெயரைத்தான் சொல்வேன். மற்றவர்களிடம் பறை என்றால் சண்டைக்காட்சிக்கு அடியில் ஒரு இரைச்சல், அவ்வளவுதான்.

தப்புக்கு மெதுவாக வாசிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு: விடியலில் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு) கூப்பிட அடித்ததும் தப்புதான், இழவு வீட்டில் அடித்ததும் தப்புதான், காமன் கூத்தில் ரதி அழும்போது தணிந்து நிற்பதும் தப்புதான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. கட்டைக் குச்சியை நிறுத்திவிட்டு, மெல்லிய நீளக் குச்சியை மட்டும் விளிம்பை ஒட்டி விட்டால் வயலினுக்குக் கீழே போகும் அளவுக்குச் சத்தம் இறங்கும். ஓர்கெஸ்ட்ராவில் கெட்டில் ட்ரம்முக்கு மென்மை, உரப்பு எல்லாம் குறித்துத் தனி வரி எழுதுகிறார்கள். தப்புக்காரரிடம் மட்டும் "நீ பின்னால் நின்று அடி" என்கிறார்கள். எழுதிக் கொடுத்துப் பாருங்க, பிறகு பேசுவோம்.

#11 லிந்துலை_ஆசிரியர்

எழுதிக் கொடுக்கத் தயார், அதற்குத்தான் இந்த இழையைத் தேடி வந்தேன். சித்திரை நிகழ்ச்சிக்கு நாலு வயலின், ஒரு மூங்கில் புல்லாங்குழல், ஒரு கீபோர்ட், இரண்டு தப்பு. ஆறு நிமிட இசை, பாட்டில்லை. பின்னேரம் ஒத்திகையில் சேரும் சுருதி, இரவு மேடையில் சேருவதில்லை. குழல் இறங்கிவிடுகிறது, வயலின் ஏறுகிறது, தப்பு தொளதொளத்துவிடுகிறது. மண்டபம் மாலைக்குப் பிறகு 15, 16 பாகைக்குப் போகும். பிள்ளைகளுக்கு எந்தக் கலைஞரைப் போட்டுக் காட்டுவது என்பதையும் சொல்லுங்கள்.

#12 ஒலிப்பதிவு_ஹட்டன்

சேர், மூன்றும் ஒரே காரணம், குளிர். ஆனால் மூன்று திசையில் இழுக்கும்.

காற்றில் ஒலியின் வேகம் ஒரு பாகைக்கு நொடிக்கு 0.6 மீற்றர் குறையும். குழலின் சுருதி அந்த வேகத்தோடு போகும். 10 பாகை குறைந்தால் ஏறக்குறைய 30 சென்ட் இறக்கம். அரைச்சுரம் 100 சென்ட் என்பதால் கிட்டத்தட்ட அதில் மூன்றில் ஒரு பங்கு. வயலினின் உலோகத் தந்தி குளிரில் சுருங்கி இறுகும், அதனால் ஏறும். தப்பின் தோல் பனி ஈரத்தை உறிஞ்சித் தளரும். கீபோர்ட் மட்டும் 440இல் அசையாமல் நிற்கும். அதோடு மற்றவர்களைச் சேர்க்கப் பார்ப்பதால்தான் அடிபடுகிறீர்கள்.

மூங்கில் குழலை நீட்டவோ சுருக்கவோ முடியாது. அதனால் குழல்தான் தலைவர். மேடையேற 20 நிமிடம் இருக்கும்போது குழலை மேடையின் குளிரிலேயே வைத்து, சத்தம் வராமல் ஐந்து நிமிடம் மூச்சை உள்ளே விடச் சொல்லுங்க. குழல் உள்ளுக்குள் சூடானதும் நடு மட்டத்தில், கீபோர்டில் 440இல் நிற்கும் A சுரத்தை நீளமாக ஊதட்டும். கைத்தொலைபேசி டியூனரில் எங்கே நிற்குதோ பாருங்க. 436 என்று வந்தால் கீபோர்டின் மாஸ்டர் டியூனிங்கை 436க்கு இறக்குங்க. 440க்கும் 436க்கும் இடையில் 16 சென்ட்தான், கேட்பவருக்குத் தெரியாது. பிறகு வயலின்கள் கீபோர்டில் இருந்து சுருதி எடுக்கட்டும். டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாதீங்க, அது அரைச்சுரமாகத் தாவும். குழல் வாசிக்காத இடைவெளியில் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளணும், மேசையில் வைத்தால் மறுபடி இறங்கும்.

#13 மஸ்கெலியா_தப்பு

தப்பு கடைசியில் காயட்டும், சேர். மண்டபத்துக்கு வெளியே கூரைக்குக் கீழ் ஒரு சட்டியில் கரி. தணலுக்கு மேல் ஒரு அடி உயரத்தில் பிடித்து, சுற்றிக்கொண்டே இருக்கணும். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் கருகும், விளிம்பில் ஒட்டு விடும். விரலால் தட்டிப் பாருங்க, "தொம்" என்பது "டண்" என்று மாறியதும் எடுத்துவிடுங்க. அதற்கு மேல் காய்ச்சினால் நடுவில் வெடிக்கும். குளிர் மண்டபத்தில் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும். உங்களுக்கு முன்னால் பேச்சு நீண்டால் போச்சு. இரண்டு பேருக்கு நாலு தப்பு வையுங்க, இரண்டு கையில், இரண்டு தணலில். பிளாஸ்டிக் தோல் தளராது என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அடிச்சத்தத்தின் ஆழம் அதில் இல்லை. எனக்கு அது வேண்டாம்.

#14 வயலின்_பதுளை

நாலு வயலினை ஒன்றும் மூன்றுமாகப் பிரியுங்கள், சேர். கமகம் தெரிந்த பிள்ளை தனியே பாடட்டும், மற்ற மூவரும் ஒரே வரி, நேர்ச்சுரம், எல்லோருக்கும் வில் ஒரே திசை. எந்தச் சுரத்துக்குக் கீழ் வில், எதற்கு மேல் வில் என்று தாளில் குறித்துக் கொடுங்கள், திசை ஒன்றானாலே சத்தம் ஒன்றாகும்.

தப்பு அமுக்குகிறதென்று வயலினைக் கூட்டப் பார்க்காதீர்கள். ஆளை இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் கூடும். தப்பை நாலைந்து மீற்றர் பின்னால், ஓரமாக, முகத்தைச் சுவர்ப் பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். அதற்கு மைக் வேண்டாம். இருக்கும் மைக்கை மூன்று வயலின் குழுவுக்கு மேலே, ஒரு மீற்றர் உயரத்தில் வையுங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட: நடத்துநர் துடமெல் நடத்த, லொஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ரா 2025இல் கோச்செல்லாவில் பொப் பாடகர்களோடு வாசித்தது. பாடகர் உரக்கப் போகும்போது தந்திகள் எங்கே ஒதுங்குகின்றன என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அடுத்து இசைக்கலைஞர் ஜேக்கப் கொலியர், பார்வையாளரை மூன்றாகப் பிரித்துக் கை அசைவிலேயே சுரம் ஏற்றி இறக்கும் வீடியோக்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் நடத்துநரின் கை என்ன செய்கிறது என்று அதில் புரியும். கடைசியாக நம்ம இழைத் தலைவர் சொன்ன அந்த ராக்மனினோவ் நடுப்பகுதி, குழல்காரப் பிள்ளைக்கு.

#15 டிக்கோயா_ரசிகன்

சேர், ஒரு அனிருத் பாட்டையும் போட்டுக் காட்டுங்க. பேஸ் விலகி அடிக்கு வழிவிடுவதைத் தப்புக்காரப் பிள்ளைகள் கேட்கணும். தப்பு விழும் அடிகளில் கீபோர்டின் இடது கையைத் தூக்கிவிட்டால் உங்க மேடையிலும் அதே வேலை நடக்கும்.

#16 கொட்டகலை_காற்று

ஒப்புக்கொள்கிறேன் தம்பி, அந்த ஒரு பாடத்துக்கு அனிருத் சரியான ஆள். சேர், ஆறு நிமிடத்தில் ஒரு இருபது வினாடி, எல்லோரும் நிற்க, மெல்லிய குச்சியோடு ஒரே ஒரு தப்பு மட்டும் போகும்படி எழுதுங்கள். மற்றத் தப்பை அந்த நேரத்தில் தணலுக்குக் கொண்டு போகலாம்.

#17 லிந்துலை_ஆசிரியர்

எழுதிவிட்டேன். மூன்றாம் நிமிடத்தில், தனி வயலின் முடிந்ததும். கரிச்சட்டி வைக்கப் பின்கதவுப் பக்கம் கூரை இருக்கிறது.